நான் கற்ற முதல் இங்கிலீஷ் வார்த்தை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேசிச் சிரிக்கும் விஷயங்களில் ஒன்று, பேரப்பிள்ளைகள் சொல்லும் தேங்க்ஸ். தண்ணீர் டம்ளரை நீட்டினால் தேங்க்ஸ். செருப்பை எடுத்துப் போட்டால் தேங்க்ஸ். சோறு போட்ட தாய்க்கே தேங்க்ஸ் சொல்கிறதுகள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் பின்னாலிருந்து யாராவது சத்தமாக அதைச் சொல்லிவிட்டால் என் இரண்டு கைகளும் தானாக முந்தானைக்குள் போய்விடும். மருமகள் அதைக் கவனித்துவிட்டு, "ஏன் அத்தை, குளிருதா?" என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன். உங்களில் சிலருக்காவது மரஸ்கேலின் ருசி தெரிந்திருக்கும்.

எங்கள் அப்பா ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக்காரர். வானம் பார்த்துச் சலித்துப்போய், ஓசூரில் கம்பெனிகள் வர ஆரம்பித்த காலத்தில் ஒரு கம்பெனியில் லேத் வேலைக்குச் சேர்ந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. தார் ரோட்டுக்கு ஒரு பக்கம் கம்பெனிச் சுவர். மறுபக்கம் ராகிக் கொல்லை. நடுவில் தைலமரத் தோப்பு. காலையில் பனி இறங்கியிருக்கும்போது கம்பெனிச் சங்கு ஊதினால், அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே தெரியாது. லைன் வீட்டில் ஒரே ஓர் அறையில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாக என் தம்பி என்று குடியிருந்தோம். வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுவார். ஒரு பக்கத்து வீட்டில் கன்னடம். இன்னொரு பக்கம் மாங்காய் வியாபாரம் செய்யும் பாய் வீடு, அவர்கள் நம்மைப்போலத் தமிழ். எல்லாருக்கும் எல்லா பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். நன்றி என்ற வார்த்தை மட்டும் எந்த பாஷையிலும் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. பாய் வீட்டக்கா கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மாம்பழத்தைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தால், அம்மா "எதுக்குக்கா இவ்ளோ?" என்று கோபித்துக்கொள்வாள். அவ்வளவுதான். சித்தப்பா ஊரிலிருந்து வேர்க்கடலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினால், "உக்காருங்க, சோறாகிடுச்சு" என்பாள். அதற்கு மேல் யாரும் எதையும் எதிர்பார்த்ததும் இல்லை.

அந்த வருஷம்தான் எங்கள் பகுதியில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சிலுவையும் கிடையாது, கன்னியாஸ்திரிகளும் கிடையாது, ஆனால் எல்லாரும் அதைக் கான்வென்ட் என்றார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான கொட்டகை. நடத்தியவர் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. எங்களுக்குப் பெரிய மிஸ். உயரமாக, இஸ்திரி கலையாத காட்டன் புடவையில், குரலை உயர்த்தாமல் பேசுவார். அப்பா என்னை இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டுத் திரும்பிய அன்று லைன் வீடு முழுக்கச் சொல்லிவந்தார். "நாங்க ஆபீசரு முன்னால வாயில்லாம நிக்கறோம். இவ அப்படி நிக்கக்கூடாது, அதுக்கோசரம்தான்."

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் பேசக்கூடாது. தமிழ், தெலுங்கு, கன்னடம் எதுவாக இருந்தாலும் அடிதான். நான் சேர்ந்த அன்றே ஒரு பையன் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டுவிட்டான். பெரிய மிஸ் அவனை முன்னால் வரச்சொன்னார். அவன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான். மரஸ்கேல் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. அவன் உதடு கோணி அழுகைக்குத் தயாராகும்போது மிஸ் ஸ்கேலைத் தூக்கியபடி அமைதியாகக் கேட்டார்:

"வாட் டூ யூ சே?"

அவன் ஏதோ முணுமுணுத்தான். கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு அடி. இந்த முறை கத்தினான்:

"தேங்க் யூ, மிஸ்!"

ஸ்கேல் மேஜைக்குப் போய்விட்டது. அவன் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

இங்கிலீஷில் எனக்கு அதுவரை ஒரு வார்த்தையும் தெரியாது. தமிழில் அர்த்தம் சொல்வது அங்கே குற்றம். ஆகவே கண்ணால் பார்த்ததை வைத்து நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அதைச் சொன்னால் அடி நிற்கிறது. அப்படியானால் அதற்கு அர்த்தம், போதும், விட்டுடுங்க, இனிமேல் அடிக்காதீங்க. இரண்டு நாளில் என் கைக்கும் முறை வந்தது. பென்சில் உடைந்துவிட்டது என்று தமிழில் சொல்லிவிட்டேன். முதல் அடி விழுந்ததுமே, மிஸ் கேட்பதற்கு முன்பே கத்தினேன். அடி நின்றது. நான் புரிந்துகொண்டது சரிதான் என்று உறுதியாகிவிட்டது.

பெரிய மிஸ் கரும்பலகையில் அந்த வார்த்தையைத் தலைப்பாக எழுதி, அதன் கீழ் நாலைந்து வாக்கியம் எழுதிப்போட்ட நாளும் ஞாபகமிருக்கிறது. உதவி செய்தால் சொல்ல வேண்டும், பொருள் கொடுத்தால் சொல்ல வேண்டும், திருத்தினால் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இருந்திருக்கும் என்று இன்றைக்கு ஊகிக்கிறேன். அன்றைக்கு அவை வெறும் படங்கள். எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்தேன். வரைந்தது கோணலாக இருந்ததற்கும் அடி விழுந்தது. அதற்கும் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அப்புறம் பயம் வீட்டுக்கும் வர ஆரம்பித்தது. விடிந்ததும் வயிறு வலிக்கும். சங்குச் சத்தம் கேட்டால் போர்வைக்குள் போய்விடுவேன். தைலமர இலை வாசனை பட்டாலே குமட்டும், ஏனென்றால் தோப்பைத் தாண்டினால் பள்ளிக்கூடம். அப்பா நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்தபோது நான் தூக்கத்தில் "தேங்க் யூ மிஸ், தேங்க் யூ மிஸ்" என்று பிதற்றிக்கொண்டிருந்தேனாம். அவர் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். "கேட்டியா? தூக்கத்துலகூட இங்கிலீஷ்தான் வருது." அந்தச் சந்தோஷத்தில் எனக்கு பன் வாங்கிவந்து வைத்திருந்தார். அதைத் தின்ன முடியாமல் தண்ணீரில் நனைத்து விழுங்கினேன்.

வீட்டுக்காரம்மாவின் நாய் ஒருநாள் என்னைத் துரத்தியது. சுவரோரம் மாட்டிக்கொண்டேன். கைகளை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு "தேங்க் யூ, தேங்க் யூ" என்று அலறினேன். வீட்டுக்காரம்மா ஓடிவந்து நாயை விரட்டிவிட்டு, நாய்க்கு இங்கிலீஷா என்று தெலுங்கில் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். லைன் வீடே பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் பெருமையாக.

பாய் வீட்டக்காதான் முதலில் சந்தேகப்பட்டார். "இது வயித்து நோவு மாதிரி தெரியலம்மா. புள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கு. வா, ஓதிக்கிட்டு வரலாம்" என்று அம்மாவிடம் சொல்லி எங்களை அழைத்துப்போனார். பொழுது சாய்கிற நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். வெள்ளைத்தாடிப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து தலைமேல் வைக்கக் கையை உயர்த்தினார். உயர்ந்த கையைத்தான் நான் பார்த்தேன். என் கைகள் முன்னால் நீண்டன. "தேங்க் யூ! தேங்க் யூ!"

பெரியவர் உயர்த்திய கையோடு நின்றுவிட்டார். பிறகு மெல்லச் சிரித்து, "இன்னும் ஓதவே இல்லியே, அதுக்குள்ள நன்றி சொல்லுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு வெட்கமும் மகிழ்ச்சியும். பாய் வீட்டக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அதே சமயம் கம்பெனியில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. லைன் வீட்டு ஆண்கள் குழாயடியில் நின்று தாழ்ந்த குரலில் பேசுவார்கள், நாங்கள் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்கள். அப்பா சாப்பாட்டுக் கேரியரை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன ஒரு நாள், அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். எதிரில் டை கட்டிய சூப்பர்வைசர் சார் எதையோ விரலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தலையைக் குனிந்தபடி, "தேங்க் யூ சார். சரிங்க சார். தேங்க் யூ சார்" என்றார்.

அப்பாவையும் அடிக்கிறார்கள். அடித்து முடித்துவிட்டார்களா, இனிமேல்தானா என்று தெரியவில்லை. அவர் கேரியரை வாங்கக் கம்பிக்கிடையில் கையை விட்டபோது அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிரீஸ் அப்பியிருந்ததால் சிவந்திருக்கிறதா என்று தெரியவில்லை. "என்னா பாப்பா, கைய அப்படிப் பாக்கறே?" என்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். வெயிலில் வந்த களைப்பு என்று அம்மா சொன்னாள்.

சில வாரங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா அந்தச் சூப்பர்வைசர் சாரை வீட்டுக்குத் தேநீர் குடிக்க அழைத்திருந்தார். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டாம். அம்மா விடிந்ததிலிருந்து வீட்டைக் கழுவினாள். பாய் வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. எனக்குப் பண்டிகைக் கவுன் போட்டு, பவுடர் பூசி, அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து சொன்னார்: "சார் எதுனா கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்லணும். அப்பா மானம் உன் கைலதான் இருக்கு."

கை என்று சொன்னதுதான் எனக்குள் போனது.

சூப்பர்வைசர் சார் ஸ்கூட்டரில் வந்தார். நல்ல மனிதராகத்தான் இருந்தார். தம்பியைத் தூக்கிக் கொஞ்சினார். அம்மா போட்ட வடையைப் புகழ்ந்தார். எந்த ஸ்கூல் என்று என்னைக் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு சொன்னார். "ஓ, வெரி குட்" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து, விளையாட்டாகத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"வாட் டூ யூ சே?"

மிஸ்ஸின் அதே வார்த்தைகள். கை மேலே இருக்கிறது. நான் இரண்டு கைகளையும் ஒட்டிச் சேர்த்து நீட்டினேன். முகத்தைத் தோளுக்குள் திருப்பிக்கொண்டேன். "தேங்க் யூ சார், தேங்க் யூ சார், தேங்க் யூ" என்று மூச்சு விடாமல் கத்தினேன். கால் வழியாகச் சூடாக இறங்கி, அம்மா காலையில் கழுவிய தரையில் பரவி, நாற்காலிக் கால்வரை போனது.

"ஏன் இப்படி நிக்கறா?" என்றார் சூப்பர்வைசர் சார். குரல் மாறியிருந்தது. "ஒண்ணுமில்லீங்க சார், ஒடம்பு சரியில்ல" என்று அப்பா உளறினார். சார் சாக்லேட்டை மெதுவாக ஜன்னல் விளிம்பில் வைத்தார். பாதித் தேநீர் மிச்சமிருக்க எழுந்து போய்விட்டார்.

ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்ததும் அப்பா திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "மானத்த வாங்கிட்டியேடி" என்று கையை ஓங்கினார். என்னை அவர் ஒருநாளும் அடித்தவரில்லை. கைகள் மறுபடியும் நீண்டன.

"தேங்க் யூ அப்பா! தேங்க் யூ!"

"கிண்டலா பண்றே? என்னாத்துக்குடி எனக்குத் தேங்க் யூ சொல்றே?"

"அதச் சொன்னா அடிக்கறத நிறுத்திடுவாங்கப்பா."

"யாரு?"

"மிஸ்ஸு. நீங்ககூடச் சொன்னீங்கல்ல, கேட்டுல. அந்த சாரு அடிச்சப்ப."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்பா என்னையே பார்த்தார். "அவரு அடிக்கல பாப்பா" என்றார். சொல்லிவிட்டு, ஈரத் தரையென்றும் பாராமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா என் கைகளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உள்ளங்கையில் பழைய தழும்பும் புதிய தழும்பும் கோடு கோடாகக் கிடந்தன. சமைத்து, குளிப்பாட்டி, தலைவாரி என்று நாள் முழுக்க என்னைத் தொட்டுக்கொண்டிருந்தவள் அவள். எப்படிப் பார்க்காமல் போனேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இரண்டு பேரும் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அப்பா கம்பெனி யூனிபார்ம் போட்டிருந்தார், அவரிடமிருந்த நல்ல சட்டை அதுதான். தோப்பு வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தார். "ஏம்மா, சின்னப் புள்ளய இப்படி அடிக்கலாமா?" என்பதை மட்டும் பலதடவை சொல்லிப் பார்த்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். நானும் அப்பாவும் உள்ளே போனோம்.

பெரிய மிஸ் உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. கம்பெனித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறப்பதற்குள் மிஸ் பேச ஆரம்பித்துவிட்டார், பெற்றோரிடம் மட்டும் பேசும் தமிழில்.

"உங்க பொண்ணு வந்தப்ப எப்படி இருந்தா? இப்ப எவ்வளவு டிசிப்ளின் பாருங்க. அடிக்கறது எங்களுக்கு ஆசையா? நானும் போர்டிங் ஸ்கூல்ல இப்படி அடி வாங்கித்தான் வளர்ந்தேன். அடிச்சவங்களுக்குத் தேங்க் யூ சொல்லித்தான் இந்த இங்கிலீஷ் எனக்கு வந்தது. நாளைக்கு உங்க கம்பெனியிலயே இவ ஆபீசரா உட்காருவா. அப்போ நீங்களே வந்து எனக்குத் தேங்க்ஸ் சொல்லுவீங்க."

இப்போது யோசித்தால் அந்தம்மா பொய் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. மேஜைமேல் ஸ்கேல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பாவைப் பார்த்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்வி அவர் தொண்டையில் ஏறி இறங்குவது தெரிந்தது.

"சரிங்க மேடம்" என்றார் அப்பா. "தேங்க் யூ மேடம்."

அந்த இடத்தில் எனக்கு வந்த பயத்தைப்போல அதற்குப் பிறகு வாழ்க்கையில் எதற்கும் வந்ததில்லை. எனக்காகக் கேட்க வந்தவரும் என்னைப்போலவே கையை நீட்டிவிட்டார். இனி யாரும் இல்லை.

வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க மிஸ்ஸு, வலிக்குதுன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லீங்களா?"

மிஸ் புரியாமல் பார்த்தார்.

"இருக்குந்தானே? மொதல்ல அதச் சொல்லிக் குடுத்திருக்கலாமே எம் புள்ளைக்கு."

அம்மா வகுப்புக்குள் போய், முந்தின வாரம் நான் விட்டுப்போயிருந்த டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டுக்கு மேலே பிடித்தாள், வலிக்கும் என்று. வெளியே வந்தோம். பின்னால் மிஸ் அப்பாவிடம் என்னவோ இங்கிலீஷில் சொன்னது கேட்டது. அப்பா பதில் சொன்னாரா என்று தெரியாது.

திரும்பும் வழியில் அப்பா அம்மாவோடு சண்டை போட்டார். "அவ இங்கிலீஷ் போச்சு. உன்னாலதான் போச்சு." அம்மா என்னைப் பிடித்த பிடியை விடாமல் நடந்தாள். பல நாள் இருவருக்கும் பேச்சில்லை. கம்பெனியில் முதலில் அனுப்பியவர்களில் அப்பா இல்லை, அடுத்ததில் அனுப்பிவிட்டார்கள். தேநீரைப் பாதியில் வைத்துப்போன அந்தச் சூப்பர்வைசர் சார்தான் கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் சொல்லி அப்பாவைச் சேர்த்துவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவர் பெண்ணுக்கும் என் வயதுதானாம். அங்கே அப்பா பனியனோடு வேலை செய்தார், முதலாளியோடு வாய்ச்சண்டை போட்டார், சத்தமாகச் சிரித்தார். வயதான பிறகு ஒருநாள் தானாகவே என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு அந்த மேடத்துகிட்ட நான் வேற எதுனா சொல்லியிருக்கணும் பாப்பா." என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

என்னை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். டீச்சர் எழுந்து நடந்தால் கண்ணை மூடுவேன். மத்தியானம் பக்கத்தில் ஒரு கன்னடக்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள். எண்ணெய் வழியும் தலை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பாவாடை மடிப்பிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கடித்து, மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.

"தகோ" என்றாள். எடுத்துக்கோ என்று.

அவள் கையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவள் கேட்பாள், கேட்டதும் அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் வாயிலிருந்த விதையைத் துப்பிவிட்டு, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை வேடிக்கை பார்த்தாள். நீட்டிய கை மட்டும் என் முன்னால் அப்படியே இருந்தது. கை வலித்ததோ என்னவோ, "ஏனே, தின்னே" என்று, என்னடி, தின்னு என்பதுபோல, என் மடியில் பழத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போனாள்.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தேன்.